லேபிள் இருந்த துண்டு

குமாரபாளையத்தில் அமெரிக்கக் கொடி வைத்திருந்த ஒரே ஆள் சென்னிமலைதான். ஒன்றிரண்டு இல்லை, குடோன் கொள்ளாமல் வைத்திருந்தார். கொடி என்றதும் கம்பத்தில் ஏற்றுகிற கொடியை நினைத்துக்கொள்ள வேண்டாம். சமையல்கட்டில் கை துடைக்கிற துண்டு அது. சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை, ஒரு மூலையில் நீலக் கட்டம், அதற்குள் நட்சத்திரங்கள். அந்த நாட்டுக்காரர்கள் ஜூலை நாலாம் தேதி தங்கள் சுதந்திர தினத்தில் தோட்டத்தில் உட்கார்ந்து கறி சுட்டுத் தின்றுவிட்டு இதில் கை துடைப்பார்கள். சென்னிமலையின் தறிப்பட்டறையில் இதற்கு ஜூலை ரகம் என்று பெயர். தேசமாவது, கொடியாவது! நெய்கிறவர்களுக்கு அது ஒரு டிசைன். போன மாதம் கோழி டிசைன், இந்த மாதம் கொடி டிசைன்.

துண்டின் ஓரத்தில் ஒரு சின்ன லேபிள் இருக்கும். மேலே வாங்குகிற கம்பெனியின் பெயர், கீழே பொடி எழுத்தில் ‘அகல்யா டெக்ஸ், இந்தியா’. அகல்யா சென்னிமலையின் மகள். அந்த இரண்டாவது வரியைத்தான் அவர் தன் சொத்தாக நினைத்தார். காவிரிக்கரையில் எத்தனையோ பட்டறைகள் வெளிநாட்டுக்குத் துணி அனுப்புகின்றன. எல்லாவற்றிலும் வாங்குகிறவன் பெயர் இருக்கும், நெய்தவன் பெயர் இருக்காது. தன் பெயரையும் போட ஒரு வெள்ளைக்கார அம்மாளைச் சம்மதிக்க வைத்தவர் ஊரில் இவர் ஒருத்தர்தான். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால்கூடப் பேச்சை எப்படியாவது வளைத்து அந்த லேபிளுக்குக் கொண்டுவந்துவிடுவார். பக்கத்து இலைக்காரர் ரசத்துக்குக் காத்திருக்கிறாரா, இவர் சொல்வதைக் கேட்கிறாரா என்பதைப் பற்றியெல்லாம் அவருக்குக் கவலை கிடையாது.

நெசவில் பிசகிய துண்டு, எண்ணெய்க் கறை பட்ட துண்டு, நூல் தொங்குகிற துண்டு எல்லாம் செகண்ட்ஸ். அவற்றை உள்ளூரில் தள்ளிவிடுவதற்கு முன்னால் லேபிளை வெட்டி எறிந்துவிடுவார்கள். பழுதான துணியின் மேல் பெயர் இருக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலில் யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரிந்துகொள்கிற விஷயம். லேபிள் போன ஜூலை ரகம் சங்ககிரி லாரிப் பட்டறைகளுக்குப் போகும், டீக்கடைகளுக்குப் போகும். லாரிக் கண்ணாடி துடைக்கிறவர்கள் கையில் நட்சத்திரமும் பட்டையும் தெரியும். பால் பொங்கி வழிந்தால் டீ மாஸ்டர் அதை எடுத்துத்தான் துடைப்பார். இத்தனை வருஷத்தில் யாரும் அதைப் பற்றி ஒன்றும் நினைத்ததில்லை.

வாங்குகிற அம்மாளின் பெயர் டோனா. அமெரிக்காவில் ஒஹையோ என்கிற மாநிலத்தில் சின்னதாகக் கம்பெனி வைத்துக்கொண்டு, பெரிய பெரிய கடைகளுக்குச் சரக்குக் கொடுக்கிறவர். குமாரபாளையத்துக்கு வந்திருக்கிறார். சென்னிமலையின் மனைவி பெரியநாயகி ஆக்கிப்போட்ட அரிசிம்பருப்புச் சோற்றில் நெய் விட்டுக்கொண்டு, கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். சென்னிமலையின் ஆங்கிலம் பாதி வாயிலும் பாதி கையிலுமாக நடக்கும். ஆனாலும் இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் தப்பாகப் புரிந்துகொண்டதே கிடையாது.

போன வருஷம் சித்திரையில், அமெரிக்காவில் இறக்குமதி வரிப் பேச்சு ஆரம்பித்த உடனேயே டோனா போனில் கூப்பிட்டார். அடுத்த வருஷத்து ஜூலை ரகத்தையும் இப்போதே நெய்து வையுங்கள், காலம் சரியில்லை என்றார். சென்னிமலை மற்ற ரகங்களை ஓரங்கட்டிவிட்டு எல்லாத் தறியிலும் கொடியை ஏற்றினார். துணி தயாராகிக் கன்டெய்னருக்குச் சொல்ல வேண்டிய நேரத்தில் வரி வந்து குறுக்கே நின்றது. முதலில் இருபத்தைந்து சதவீதம். மூச்சு விடுவதற்குள் இன்னொரு இருபத்தைந்து. கேட்டால், ரஷ்யாக்காரனிடம் எண்ணெய் வாங்கியதற்குத் தண்டனையாம். எண்ணெய் வாங்கியவன் எங்கேயோ இருக்க, துண்டு நெய்கிறவன் தலையில் அபராதம்.

வரியைக்கூடச் சென்னிமலை பொறுத்துக்கொண்டிருப்பார். அந்த வாயைத்தான் பொறுக்க முடியவில்லை. இந்தியாவின் பொருளாதாரம் செத்துப்போன ஒன்று என்று அந்த நாட்டுத் தலைவர் வாயிலிருந்து ஒரு பேச்சு வந்தது. டிவிக்காரர்கள் அதையே சுற்றிச் சுற்றிப் போட்டார்கள். தட்டில் சோறு ஆறிக்கொண்டிருக்க, சென்னிமலை டிவியைப் பார்த்துக் கத்தினார்.

“செத்துப்போச்சாமா? எங்க தறிச் சத்தத்த வந்து கேளுடா, காது கிழிஞ்சுரும்!”

“டிவிக்குக் காது கெடையாதுங்க. நீங்க மொதல்ல சாப்புடுங்க” என்றாள் பெரியநாயகி.

டீக்கடையிலும் இதே பேச்சுதான். நேற்றுவரை நம் தலைவரும் அமெரிக்கத் தலைவரும் கட்டிப்பிடித்துக்கொண்ட படம் வந்த பேப்பரில், இன்றைக்கு நம் தலைவர் சீனாக்காரரோடு கைகுலுக்குகிற படம் வருகிறது என்று ஒருவர் சொன்னார். மேலே இருப்பவர்களுக்கென்ன, ஒரு கையை விட்டால் இன்னொரு கையைப் பிடித்துக்கொள்வார்கள். சென்னிமலைக்கு இருந்தது ஒரே ஒரு கைதான். அது டோனாவின் கை.

டோனாவும் அதை விடவில்லை. ஒருநாள் வீடியோவில் வந்து, வரியில் பாதியை நான் ஏற்றுக்கொள்கிறேன், பாதியை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள், ஆளுக்குப் பாதி நஷ்டம், ஆனால் கடையில் நம் துண்டு இல்லாமல் போகக் கூடாது என்றார். ‘நம் துண்டு’ என்று அவர் சொன்னதைச் சென்னிமலை அன்று சாயந்திரம் வரைக்கும் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

“லாவம் ஒண்ணும் நிக்காது புள்ளே. ஆனா லேபிள் நிக்கும். கன்டெய்னரு போய்ச் சேர்ந்துட்டாப் போதும்.”

“போய்ச் சேரட்டுங்க. அது வரைக்கும் வாயக் கட்டிக்கிட்டு இருங்க” என்றாள் பெரியநாயகி. அவளுக்குப் புருஷனைத் தெரியும்.

புரட்டாசியில் ஏற்றுமதியாளர்கள் எல்லோரும் சேர்ந்து வரியைக் கண்டித்து ஆர்ப்பாட்டம் வைத்தார்கள். சங்கத் தலைவர் மாதேஸ்வரன் சென்னிமலைக்குச் சிறுவயதுக் கூட்டாளி. பெரிய பட்டறை, மைக் பிடித்தால் விடாத குரல். ஐரோப்பாவுக்குத்தான் அவருடைய சரக்கில் பெரும்பங்கு போகும் என்பதால் வரி அவரை மேலோட்டமாகத்தான் கடித்திருந்தது. கோபம் மட்டும் எல்லோரையும்விட அவருக்கு அதிகம். ஆர்ப்பாட்டத்தன்று காலையில் நேராகச் சென்னிமலையின் குடோனுக்கு வந்து நின்றார்.

“மாப்ள, ஒரு ஒத்தாசை. கொடி எரிக்கறோம்னு பேப்பர்காரங்ககிட்டச் சொல்லிப்போட்டேன். ஊரெல்லாம் தேடியாச்சு, அமெரிக்காக் கொடி ஒருத்தன்கிட்டயும் இல்ல. சேலத்துல சொன்னாத் தெச்சுக் குடுக்க நாளாவுமாங்கறான். அப்பறந்தான் நெனப்பு வந்துச்சு, உன்ற குடோன் நெறைய அதானே கெடக்குது!”

சென்னிமலை யோசித்தார். யோசித்தார் என்றா சொன்னேன்? யோசித்திருந்தால் இந்தக் கதையே இல்லை. செத்துப்போன பொருளாதாரம் என்கிற வார்த்தை மறுபடியும் காதுக்குள் ஓடியது. ஊரே தேடியும் கிடைக்காத பொருள் தன்னிடம் இருக்கிறது என்கிற சந்தோஷம் ஒரு பக்கம். அது அவருக்குக் கொடியாகவே தோன்றவில்லை என்பது இன்னொரு பக்கம். அவர்கள் இதில் கறிக் குழம்பைத் துடைக்கிறார்கள், நாம் லாரியைத் துடைக்கிறோம், எரித்தால் மட்டும் என்ன வந்துவிடும்?

“ஒண்ணு போதுமா?” என்றார்.

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த பெரியநாயகிக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் மாதேஸ்வரன் எதிரில் புருஷனை எதிர்த்துப் பேசுகிற வழக்கம் அவளுக்கு இல்லை. சுற்றி வளைத்துச் சொன்னாள்.

“ஏனுங்க, அந்த மூலையில செகண்ட்ஸ் கெடக்குது பாருங்க, அதுல ஒண்ண எடுத்துக் குடுங்க. எரிக்கறதுக்கு எதுக்குங்க நல்ல பீஸு?”

அவள் பேச்சைக் கேட்டிருக்கலாம். லேபிள் வெட்டிய செகண்ட்ஸ் எந்தப் பட்டறையினுடையது என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது.

“டிவிக்காரங்க வாராங்க புள்ளே. நம்ம நெசவ ஊரே பாக்கப்போவுது. கறை புடிச்சதக் குடுத்து மானத்த வாங்கச் சொல்றியா?”

ஏற்றுமதிக்குக் கட்டி வைத்திருந்த பேலைப் பிரித்து, அதிலும் மேலே இருந்ததைத் தள்ளிவிட்டு, நடுவிலிருந்து ஒரு முதல் தரத் துண்டை உருவினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஓரத்தைத் தடவினார். பெண் பார்க்க வருகிறவர்களுக்கு முன்னால் மகளை அனுப்புகிற மாதிரி மடிப்புக் கலையாமல் எடுத்து மாதேஸ்வரன் கையில் கொடுத்தார். உலகத்தில் வேறு எந்த மடையனும், எரிப்பதற்கென்று கேட்டால் தேடித் தேடி நல்லதை எடுத்துக் கொடுக்க மாட்டான்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஆர்ப்பாட்டம். மாதேஸ்வரன் துண்டை ஒரு கம்பில் கட்டி, கீழ் ஓரத்தில் தீ வைத்தார். தீ பிடிக்க மாட்டேன் என்றது. நல்ல கெட்டி நெசவு. கருகிப் புகைந்ததே தவிர, மளமளவென்று எரியவில்லை. யாரோ பெட்ரோல் கொண்டுவர ஓடினார்கள். அதற்குள் டிவிக்காரர் கேமராவைப் பக்கத்தில் கொண்டுபோய் நிதானமாகப் படம் எடுத்தார். புகையில் மாதேஸ்வரனின் முகம் மறைந்துபோனது. மேல் ஓரத்தில் லேபிள் மட்டும் சுத்தமாக, எழுத்துக் கூட்டிப் படிக்கிற அளவுக்குத் தெரிந்தது. மேலே டோனாவின் கம்பெனி. கீழே அகல்யா டெக்ஸ், இந்தியா.

கூட்டத்தில் நின்ற சென்னிமலை பக்கத்திலிருந்தவரைத் தட்டி, “பாத்தீங்களா, எப்படி நிக்குது பாருங்க. நம்ம துண்டு!” என்றார்.

மறுநாள் பெங்களூரிலிருந்து அகல்யா கூப்பிட்டாள். அவள் அங்கே ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள்.

“அப்பா, என்னப்பா பண்ணி வெச்சிருக்கீங்க? அந்த வீடியோ அமெரிக்கா வரைக்கும் போயிருச்சு. எம்பேரு போட்ட துண்டு எரியுது, கீழ கண்டபடி திட்டி எழுதறாங்க.”

“அது நம்மாளுங்க கோவத்துல செஞ்சது சாமி. டோனாவுக்கு நம்மளத் தெரியும்.”

டோனாவுக்குத் தெரிந்துதான் இருந்தது. வீடியோவில் வந்தபோது அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் சென்னிமலைக்குச் சுலபமாக இருந்திருக்கும். இந்தியச் சரக்கு எதற்கு என்று கேட்ட கடைக்காரர்களிடம், அவர்கள் நம் நண்பர்கள் என்று சண்டை போட்டு உங்கள் துண்டுக்கு இடம் வாங்கினேன் சென்னி, இப்போது என் கம்பெனிப் பெயரோடு சேர்த்து எரித்திருக்கிறீர்கள், அவர்கள் முகத்தில் நான் எப்படி விழிப்பேன் என்று கேட்டார்.

அந்த இடத்தில் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. கூடவே அந்தப் பாழாய்ப்போன வார்த்தையும் வந்து, அதுதான் முந்திக்கொண்டது.

“உங்க ஆளு எங்களைச் செத்தவங்கன்னு சொன்னப்போ நீங்க என்ன சொன்னீங்க?” என்று தன் ஆங்கிலத்தில் கேட்டார்.

“அதை நான் சொல்லவில்லையே” என்றார் டோனா.

“இத நானும் எரிக்கலியே!”

இரண்டு பேரும் சொன்னது உண்மைதான். அதனால் யாருக்கும் ஒரு பைசாவுக்குப் பிரயோஜனம் இல்லை. டோனா பெரியநாயகியைக் கேட்டதாகச் சொல்லச் சொல்லி வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் கூப்பிடவில்லை. இவர் கூப்பிட்டபோது எடுக்கவும் இல்லை. கடைசியில் அவருடைய கம்பெனியிலிருந்து, கடைகள் அகல்யா டெக்ஸ் பெயருள்ள சரக்கை இனி வைக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டதாக மெயில் வந்தது. போனில் படித்துச் சொன்ன அகல்யா அழுதாள். தன் பெயர் அப்படிக் கேவலப்பட்டதற்கு அழுதாளா, அப்பாவுக்காக அழுதாளா என்று கேட்கச் சென்னிமலைக்குத் தைரியம் வரவில்லை.

தீபாவளி கழிந்ததும் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. ஒடிசாவிலிருந்து வந்து தறி ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஈரோட்டில் ரயில் ஏறினார்கள். துண்டுக்கு ஓரம் தைத்து லேபிள் வைக்கிற அத்தாயி, மகள் ஊரான சங்ககிரிக்குப் போய்விட்டாள். மற்ற பட்டறைக்காரர்களுக்கும் கஷ்டம்தான், ஆனால் அவர்கள் வரியைத் திட்டிவிட்டுத் தூங்கினார்கள். சென்னிமலையால் அப்படியும் முடியவில்லை. எங்க தறிச் சத்தத்தைக் கேளுடா என்று கத்தினவருடைய பட்டறையில் இப்போது புறா சிறகடிக்கிற சத்தம் கேட்டது. யாரைத் திட்டுவது என்று நினைத்துப் பார்த்தால் அந்த அமெரிக்கத் தலைவரில் ஆரம்பித்துக் கடைசியில் தன் கையில்தான் வந்து முடிந்தது. அந்தக் கைதானே பேலைப் பிரித்து உருவியது.

தை மாதத்தில், வந்த மாதிரியே திடீரென்று வரி இறங்கிவிட்டது. பாதிக்கும் கீழே. இரண்டு நாடுகளும் இனி இணைபிரியாத நண்பர்கள் என்று அதே டிவி சொன்னது. மேலே இருப்பவர்களுக்கு ஒருத்தரை ஒருத்தர் ஏசிக்கொள்வதும் சுலபம், தோளில் கை போட்டுக்கொள்வதும் சுலபம். செத்தது என்று சொன்ன வார்த்தையை மட்டும் யாரும் திரும்ப எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. ஊரில் பட்டாசு வெடித்தார்கள்.

மாதேஸ்வரன் மைசூர்பாக்கோடு வந்தார். வந்தவர் வீட்டுக்குள் வராமல் குடோன் பக்கமாகவே பார்த்துக்கொண்டு நின்றார்.

“வரி எறங்கிப்போச்சு மாப்ள! இனி நமக்கு நல்ல காலந்தான். ஆமா, உன்ற ஜூலை ரகம் அப்படியே கெடக்குதுல்ல?”

“கெடக்குது. ஏன், மறுக்காவும் எரிக்கறீங்களா?”

மாதேஸ்வரன் கழுத்தைச் சொறிந்தார். “இல்ல மாப்ள. ஒரு ஆர்டரு. ஜூலைக்குள்ள கடைக்குப் போயாவணும், இனி பாவு ஓட்டி நெய்ய நேரமில்ல. ஊர்லயே ரெடியாக் கெடக்கறது உங்கிட்ட மட்டுந்தான். பூராத்தையும் நானே எடுத்துக்கறேன்.”

“யாருக்கு?”

“போன மாசம் ஜெர்மனி கண்காட்சிக்குப் போனமல்ல, அங்க வந்திருந்துச்சு அந்தம்மா. அதுவா வந்து பேசுச்சு.”

“எந்தம்மா?”

“டோனா” என்றார் மாதேஸ்வரன், மைசூர்பாக் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டு.

சென்னிமலை அவருக்கு முன்னால் வந்து நின்றார்.

“நீதானய்யா தீ வெச்சே? உன்ற கையாலதான வெச்சே?”

“வெச்சது நாந்தான் மாப்ள, இல்லீங்கல. ஆனா லேபிள் உன்றதாச்சே. அந்தக் கடைக்காரனுங்க லேபிளத்தானே பாக்கறானுங்க. அதனாலதான்…” அவர் மென்று விழுங்கினார். “பழச வெட்டிப்போட்டு என்ற லேபிள வெச்சுக் குடுத்துரு. வேற ஒண்ணும் வேண்டியதில்ல.”

“போடா இங்கிருந்து!” என்று சென்னிமலை கத்திய கத்தலில் தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாதேஸ்வரன் போனார். பொட்டலம் அங்கேயே இருந்தது. இவ்வளவு வருஷச் சினேகிதத்தில் சென்னிமலை அவரை மரியாதை இல்லாமல் விரட்டியது இதுதான் முதல் தடவை. அடுத்த வாரம் அதே மனிதரின் கன்டெய்னருக்குச் சரக்குக் கட்டப்போகிறோம் என்று அப்போது அவருக்குத் தெரியாது. பெரியநாயகிக்குத் தெரிந்திருந்தது.

“குடுத்துருங்க” என்றாள்.

“உனக்கு ரோசமே இல்லியா புள்ளே?”

“எரிக்கறதுக்குக் கேட்டாங்க, சும்மா எடுத்துக் குடுத்தீங்க. அதுவும் நல்லதாப் பாத்து. விக்கறதுக்குக் கேக்கறப்ப மட்டும் எதுக்குங்க ரோசம்? அந்த ரோசத்த வெச்சுத் தறி ஓட்டிருவீங்களா? அத்தாயிக்குச் சோறு போட்டுருவீங்களா?”

இத்தனை மாதமாக அவள் ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. சேர்த்து வைத்திருந்து ஒரே அடியாகச் சொன்னாள். சொல்லிவிட்டு மைசூர்பாக்கை எடுத்துக்கொண்டுபோய்த் தெருநாய்க்குப் போட்டாள்.

அந்த வாரமே குடோனைத் திறந்தார்கள். மாதேஸ்வரன் ஆளிடம் தன் லேபிள்களைக் கொடுத்து அனுப்பியிருந்தார். அதிலும் இரண்டு வரி. மேல் வரியில் டோனாவின் கம்பெனி. தன்னிடமிருந்து கற்றுக்கொண்டுபோய்க் கீழ் வரியையும் கேட்டு வாங்கியிருக்கிறார் என்பது சென்னிமலைக்கு அதைப் பார்த்ததும் புரிந்தது. லேபிள்களை மேசை மேல் வைத்தார்.

பெண்கள் சுற்றி உட்கார்ந்து, சின்னக் கத்திரியால் தையலைப் பிரித்து லேபிளை எடுக்க ஆரம்பித்தார்கள். அத்தாயி சங்ககிரியிலிருந்து காலை பஸ்ஸில்தான் வந்து இறங்கியிருந்தாள். வேலை இருக்கிறது என்று சொல்லித்தான் கூப்பிட்டிருந்தார்கள், வேறு விவரம் யாரும் சொல்லவில்லை. அவள் ஒரு துண்டை எடுத்தாள். விரித்து வெளிச்சத்தில் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். கீழே வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தாள். அவள் கையால் தைத்த லேபிள்தான் அதில் இருந்தது.

“ஏனுங் மொதலாளி, லேபிள் வெட்டச் சொல்றீங்க. இதெல்லாம் செகண்ட்ஸுங்களா? ஒரு பழுதையும் காணமுங்களே.”

மற்ற பெண்கள் தலை நிமிரவில்லை. பெரியநாயகி மட்டும் புருஷனைப் பார்த்தாள். சென்னிமலை பேலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். மேலே இருந்த துண்டை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டு கத்திரிக்குக் கை நீட்டினார்.

“செகண்ட்ஸ்தான் அத்தாயி. வெட்டு” என்றார்.